இருபத்திரண்டாவது சம்பளம்

கால்பந்து மைதானத்தின் கிழக்குப் பக்கம், ஜனங்கள் உட்காரும் சிமென்ட் படிகளுக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது. ஒரு பாதியில் நிமிர்ந்து நிற்கலாம், மறு பாதியில் குனிந்துதான் போக வேண்டும். அங்கே தலையை இடித்துக்கொள்ளாத ஆட்டக்காரர் அந்த அணியில் ஒருவரும் இல்லை. ஆட்ட நாளில் மேலே ஜனம் குதித்தால் கீழே கோப்புகளின் மேல் சுண்ணாம்பு உதிரும். உதிர்ந்த அளவைப் பார்த்தே கோல் போட்டது நம் அணியா, வந்த அணியா என்று சொல்லிவிடுவாள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் கணக்கு அக்கா.

அக்கா பத்தொன்பது வருடமாக அங்கே வேலை பார்க்கிறாள். பந்தை ஒருநாளும் காலால் தொட்டதில்லை. ஆனால் பந்தைத் தொடுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் முன்னால் கொஞ்சம் பயம்தான். அணியில் இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு சம்பளம். மொத்தத்தைக் கூட்டினால் வருடத்துக்கு ஒரு கோடியைத் தாண்டக் கூடாது. தாண்டாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

இந்தச் சம்பள உச்சவரம்பு எப்போதும் இருந்ததில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால்வரை யார் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பணம் பாதாளம் வரை பாயும் என்பார்கள், பந்தாட்ட மைதானம் என்ன அவ்வளவு தூரமா? துறைமுகத்து அணியின் முதலாளிக்குக் கப்பல்கள் ஓடின. எந்த ஊரில் எவன் நாலு கோல் நன்றாகப் போட்டாலும் அடுத்த மாதம் துறைமுகத்துச் சட்டையில் நிற்பான். பத்து வருடத்தில் ஒன்பது கோப்பை அவர்களுக்கே போயிற்று. முடிவு தெரிந்த கதையைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள்? ஜனம் வருவது நின்றது. காலி இருக்கைகளுக்கு முன்னால் ஜெயிப்பது கடைசியில் அந்த முதலாளிக்கே அலுத்துப்போய்விட்டது. பன்னிரண்டு அணிகளும் கூடி உட்கார்ந்தபோது முதல் கையெழுத்து அவருடையது. யாராக இருந்தாலும் ஒரு கோடி, அதற்கு மேல் ஒரு காசு கூடாது.

அதற்குப் பிறகு வந்த பதின்மூன்று ஆட்டப் பருவங்களில் எட்டு அணிகள் கோப்பையைத் தூக்கின. அக்காவுக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஆள் மாறவில்லை, மைதானம் மாறவில்லை, பந்தும் அதே பந்து. காகிதத்தில் ஒரே ஒரு வரி எழுதினார்கள், கடைசி அணி முதல் அணியை அவர்கள் ஊரிலேயே போய் அடிக்கத் தொடங்கியது. கப்பல் வைத்திருப்பவரும், தொழிலாளர்கள் மாதச் சந்தா போட்டு நடத்தும் தன் அணியும் ஒரே அளவுச் சட்டியில் சமைக்க வேண்டும் என்று ஒரு வரியால் சொல்ல முடியுமா என்று அவள் பல தடவை அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

கள்ளத்தனம் வராமல் இருக்குமா? வந்தது. துறைமுகத்து அணி தன் நட்சத்திர ஆட்டக்காரனின் மைத்துனனுக்குக் கப்பல் அலுவலகத்தில் பெரிய சம்பளத்தில் வேலை போட்டுக் கொடுத்தது. விசாரித்தபோது அந்த மைத்துனனுக்கு அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியவில்லை. இன்னோர் அணி காகிதத்தில் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மேஜைக்கு அடியில் கொடுத்தது. அதனால் பன்னிரண்டு அணிகளின் போட்டியையும் நடத்தும் சம்மேளனம் பிடியை இறுக்கிவிட்டது. பருவம் தொடங்கிப் பதிவு செய்த பிறகு யார் சம்பளத்தையும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. போனஸை “எனக்கு வேண்டாம்” என்று ஆட்டக்காரரே சொன்னாலும் செல்லாது. எந்த ஆட்டத்தன்று அணி வரம்பைத் தாண்டுகிறதோ, அந்த ஆட்டத்தில் தோற்றதாகவே கணக்கு. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ஒரு ரூபாய் தாண்டினாலும் அதே தண்டனைதான்.

நான் சொல்ல வந்தது இந்தச் சட்டத்தைப் பற்றி அல்ல. இதன் கீழே பதினான்கு வருடம் ஆடிய ஒரு மனிதரைப் பற்றி. அணியில் அவரை ‘மிச்சம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இளையவர்கள் மரியாதையாக ‘மிச்சம் அண்ணே’ என்பார்கள்.

பெயர் வந்த கதை சிறியது. வரம்பு வந்த முதல் வருடம் அவருக்கு இருபத்திரண்டு வயது. காலையில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டு, மாலையில் பயிற்சிக்கு வருவார். தடுப்பாட்டக்காரர். பெரிய வேகம் இல்லை, ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்று பந்துக்கே தெரிவதற்கு முன் அங்கே போய் நிற்பார். இருபத்தொரு பேருக்கும் பேசி முடித்துவிட்டுப் பயிற்சியாளர் இவரைக் கூப்பிட்டு, “உனக்கு என்னப்பா வேணும்?” என்று கேட்டார். இவர் அக்காவின் மேஜையை எட்டிப் பார்த்து, “எல்லாருக்கும் போக என்ன மிச்சம் இருக்கோ அதைக் குடுங்க சார்” என்றார். அக்கா ஒரு கோடியிலிருந்து கழித்துப் பார்த்து ஒரு தொகையைச் சொன்னாள். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் தலையை இடித்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த வருடமும் அப்படியே. அப்புறம் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. பந்திக்கு முந்து என்று உலகம் சொல்லும்போது இவர் எல்லோரும் எழுந்த பிறகு உட்கார்ந்தார். சில வருடம் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் இரண்டு லட்சம் மட்டும் தேறும். சில வருடம் கூடத் தேறும். எவ்வளவானாலும் அக்கா ஒரு காசு விடாமல் அவருக்கே எழுதுவாள். மற்ற அணிகளின் கணக்கர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று வரம்புக்குக் கீழே ஐம்பதாயிரம், ஒரு லட்சம் இடைவெளி விட்டு வைப்பார்கள். இவள் விடமாட்டாள். ‘அந்த மனுஷன் மத்தவங்க இலையில விட்டதைச் சாப்பிடறார், அதுலயும் நான் ஒரு கவளத்தை எடுத்து வைக்கணுமா’ என்பது அவள் நியாயம். அந்த நியாயமே பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இரண்டு மூத்த ஆட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் ஓய்வு பெற்றார்கள். இவர் பங்குக்கு ஒன்பது லட்சம் நின்றது. அக்கா சந்தோஷத்தில் தொகையைச் சிவப்பு மையில் எழுதிக் காட்டினாள். இவர் அதைப் படித்துவிட்டுத் தாளை அவள் பக்கமே தள்ளி வைத்தார்.

“அக்கா, வடக்கு அணியில ஒரு பையன் கோல்கீப்பரா இருக்கான். வெளியில உக்கார வெச்சிருக்காங்க. ஏழு லட்சம் குடுத்தா வருவான்.”

“உங்களுக்கு ரெண்டுதான் தம்பி நிக்கும். வீட்டுல என்ன சொல்லுவீங்க?”

“வீட்டுல சொல்லிக்கலாம். எத்தனை நாளைக்கு நானே கோல் கோட்டுல நின்னு காலை விட்டுத் தடுக்கிறது?”

கோல்கீப்பர் அப்படித்தான் வந்தான். தன் சம்பளம் யாருடைய சம்பளத்திலிருந்து கிளம்பியது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் வந்த பிறகு அணி கடைசி இடத்திலிருந்து மேலே வரத் தொடங்கியது. எட்டு, ஆறு, நாலு என்று ஏறி, இந்த வருடம் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் முதலிடத்தில் நின்றது. இரண்டு புள்ளி பின்னால் துறைமுகத்து அணி. கடைசி ஆட்டமே அவர்களோடுதான், அதுவும் சொந்த மைதானத்தில். ஜெயித்தாலும் போதும், சமன் செய்தாலும் போதும், அணியின் சரித்திரத்தில் முதல் கோப்பை வந்துவிடும். நடுத் தடுப்பில் வழக்கமாக ஆடுகிறவன் மஞ்சள் அட்டைகள் சேர்ந்து வெளியே போனதால், மிச்சம் முதல் நிமிடத்திலிருந்து ஆடுவார் என்று பயிற்சியாளர் அறிவித்திருந்தார். முப்பத்தாறு வயது, வலது முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. இத்தனை வருடத்தில் பெரும்பாலும் கடைசி இருபது நிமிடம் இறங்கியவர். இப்படியோர் ஆட்டம் அவருக்கு வாய்த்ததில்லை, இனி வாய்க்கவும் போவதில்லை.

புதன்கிழமை மத்தியானம் அக்கா வருடக் கடைசிப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கோல்கீப்பரின் ஒப்பந்தத்தில் ஒரு சின்ன போனஸ் இருந்தது. ஒரு பருவத்தில் பத்து ஆட்டங்களில் ஒரு கோலும் விடாமல் தடுத்தால் பத்தாயிரம். போன வருடம் கை உடைந்து பாதிப் பருவம் உட்கார்ந்திருந்தான், நாலு ஆட்டம்தான் தேறியது. போன வருடம் எடுக்காத போனஸை இந்த வருட வரம்பில் முதலிலேயே சேர்க்க வேண்டாம் என்பது விதி. அவளும் சேர்க்கவில்லை. இந்த வருடம் பையன் ஒன்பது ஆட்டம் தடுத்துவிட்டான். பத்தாவதையும் தடுத்தால் அந்தப் பத்தாயிரத்தை அடுத்த வருடக் கணக்கில்தானே எழுத வேண்டும் என்று உறுதி செய்துகொள்ள, ஒப்புக்குத்தான், சம்மேளன அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

“அடுத்த வருஷமா? இல்லம்மா” என்றார் அங்கிருந்த அதிகாரி. “எடுத்த அன்னிக்கே, அந்த வருஷக் கணக்குலயே சேரும். ரெண்டு வருஷம் முன்னாடியே மாத்திக் கடிதம் அனுப்பினோமே. உங்களுக்கு இடைவெளி எவ்வளவு இருக்கு?”

“ஒண்ணும் இல்லைங்க” என்றாள் அக்கா.

“ஒண்ணும் இல்லைன்னா?”

“ஒரு கோடின்னா ஒரு கோடி. சரியா.”

அவர் தணிந்த குரலில், “அப்ப அந்தப் பையன் ஞாயித்துக்கிழமை ஒரு கோலாவது விட்டா உங்களுக்கு நல்லது” என்றார்.

கடிதம் கோப்பில்தான் இருந்தது. அதன் மூலையில் ‘பார்த்தேன்’ என்று அவள் கையெழுத்தே இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று பிறர் தவறுக்குச் சொல்லும்போது ஆறுதலாகத்தான் இருக்கும். தன் தவறு என்று வந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைத்தது அவள்தான். பையன் நன்றாக ஆடினால் அணி தோற்கும். அவன் ஒன்று கோட்டை விட்டால்தான் கோப்பை. இப்படியொரு விபரீதத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

பயிற்சியாளரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். திட்டவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு மிச்சம் உள்ளே வந்தார், மனைவிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் நுழைவுச் சீட்டு கேட்டு. இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மறைக்க வழியில்லாமல் அவரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று.

“இதுக்கு ஒரு வழி இருக்கு” என்றார் பயிற்சியாளர், மிச்சத்தின் முகத்தைப் பார்க்காமல். “நாம ரெண்டு கோல் போட்டுட்டோம்னு வை. அப்புறம் ஒண்ணு உள்ள போனா யாருக்கு என்ன நஷ்டம்? கீப்பருக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். நடுவுல நீதான் நிக்கிற. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காலை வைக்காம விட்டுடு. முழங்கால் மடங்கிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க.”

மிச்சம் மேஜையில் கிடந்த பட்டியலைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, என் சம்பளத்துல ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு?”

“இந்த வருஷம் உங்களுக்கு ரெண்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம். இருபத்திரண்டு ஆட்டம். ஆட்டத்துக்குப் பன்னிரண்டாயிரம்.”

“நான் விலகிட்டா இந்தக் கடைசிப் பன்னிரண்டு கணக்குல இருந்து போயிடுமில்ல?”

அவளுக்கு அப்போதுதான் அவர் எங்கே போகிறார் என்று புரிந்தது. பருவத்தின் நடுவில் அணி யாரையும் நீக்க முடியாது, ஆனால் ஆட்டக்காரர் தானாகக் கையெழுத்துப் போட்டு விலகலாம். விலகினால் ஒரு வருடம் எந்த அணியிலும் ஆட முடியாது. இருபத்தைந்து வயதுக்காரனுக்கு அது ஒரு வருடம். முப்பத்தாறில், அந்த முழங்காலோடு, அதற்குப் பேர் முடிவு.

“வேற யாராவது” என்று தொடங்கினார் பயிற்சியாளர். “அந்தச் சின்னப் பசங்க மூணு பேர் இருக்காங்க, எப்படியும் இறங்கப் போறதில்லை.”

“அவங்களுக்கு ரெண்டு லட்சம்தான் சார். ஆட்டத்துக்கு ஒம்பதாயிரத்துச் சொச்சம் வரும், பத்தாது” என்றார் மிச்சம். அவர் மனதுக்குள் எப்போது வகுத்தார் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. “ஒருத்தன் போனாலும் பத்தாது, ரெண்டு பேரு போகணும். இப்பதான் ஆரம்பிக்கிறவங்க. வேண்டாம்.”

“நீ இல்லாம யாருடா நடுவுல ஆடறது?”

“அந்தச் சின்னவங்கள்ல உயரமா ஒருத்தன் இருக்கானே, அவன் ஆடுவான். கொஞ்சம் முன்னாடி ஓடிடுவான், சொல்லி வைக்கணும்.” பிறகு எழுந்து நின்று, இந்த முறை ஞாபகமாகக் குனிந்துகொண்டு, “காலை வைக்காம இருக்க எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா இவ்வளவு நாள் ஆடியிருக்க மாட்டேன்” என்றார். “காகிதத்தை ரெடி பண்ணுங்கக்கா. காலையில வீட்டுக்கே கொண்டு வாங்க. ராத்திரி அவகிட்ட பேசணும்.”

வியாழன் காலை அக்கா காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. முன் அறை முழுக்கத் தையல் மிஷினும், பாதி தைத்த பள்ளிச் சீருடைகளும். மனைவி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவர் வேன் ஓட்டிவிட்டு இன்னும் வந்திருக்கவில்லை. இரண்டு நாற்காலிகளிலும் துணி அடுக்கியிருந்தது. அவள் எடுக்கவில்லை, அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

“பதினாலு வருஷமா மத்தவங்களுக்கு எழுதிட்டு மீந்ததை இவருக்கு எழுதறீங்க” என்றாள் மனைவி, தலையை நிமிர்த்தாமல். “நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? ஒம்பது லட்சம் வந்தப்பவும் தூக்கிக் குடுத்துட்டு வந்தாரு. அப்பவும் கேக்கலை. அவருக்கு ஆடணும், ஆடட்டும்னு விட்டேன். இந்த ஒரு ஆட்டத்தை நாங்க நாலு பேரும் உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கோம். தப்பு உங்களோடது. ஆட்டம் மட்டும் அவரோடதா?”

“ஆமாம்மா. தப்பு என்னோடதுதான்” என்று மட்டும் சொன்னாள் அக்கா.

அவர் வந்தார். பேனாவைத் தேடினார். மனைவி மிஷினை மிதிக்கத் தொடங்கினாள், கையெழுத்து முடியும்வரை நிறுத்தவே இல்லை. அந்தச் சத்தத்தில் அவர் சொன்னதில் பாதி அக்காவுக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதி இதுதான்: “கீப்பர்கிட்ட சொல்லிடாதீங்க. முழங்கால் வலின்னு சொல்லிக்கலாம்.”

கையெழுத்தான காகிதத்தைச் சம்மேளனத்துக்கு அனுப்பிவிட்டு அக்கா கூரை சாய்ந்த தன் அறையில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் அவள் மலைத்துப் பார்த்தது அந்த ஒரு வரிச் சட்டத்தை. ஏழை அணியையும் பணக்கார அணியையும் சமமாக்கியது அந்த வரிதான் என்று நம்பியிருந்தாள். அந்த வரிக்குள் இருபத்தொரு பேரை அடக்கி வைக்க இருபத்திரண்டாவதாக ஒருவர் வருடா வருடம் தன்னை மடித்துக்கொண்டார் என்பது அவள் கண் முன்னால்தான் நடந்தது. அவள் கையாலேயே எழுதினாள். எழுதியும் அதைப் பார்க்கவில்லை. ‘அம்மாடி’ என்று வாய்விட்டே சொன்னாள், அறையில் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம். பதிவில் பெயர் இல்லாதவர் ஆட்டக்காரர் அறைக்குள் போக முடியாது, மைதானத்து ஓரப் பலகையிலும் உட்கார முடியாது. கிழக்குப் பக்கப் படிகளில் பதினோராவது வரிசையில் ஐந்து சீட்டு. ஓரத்தில் மனைவி, பிறகு இரண்டு பெண்கள், பிறகு அவர், இந்த ஓரத்தில் அக்கா. மனைவி அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து ஒருவர், “முழங்கால் இன்னிக்குப் பாத்தா மக்கர் பண்ணணும்?” என்று அனுதாபப்பட்டார். “ஆமாங்க, நேரம் பாத்துப் பண்ணுது” என்று இவரும் சிரித்தார்.

முப்பத்தோராவது நிமிடம் நம் அணி ஒரு கோல் போட்டது. படிகள் அதிர்ந்தன. வழக்கமாகக் கீழே இருந்து சுண்ணாம்பு உதிர்வதைப் பார்க்கிறவள் அன்று மேலே நின்று மற்றவர்களோடு குதித்தாள்.

அதற்குப் பிறகு துறைமுகத்து அணி விடவே இல்லை. அலை அலையாக வந்தார்கள். கோல்கீப்பர் அன்று என்ன ஆட்டம் ஆடினான் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மூலைக்குப் போன பந்தைத் தட்டினான், காலடியில் விழுந்து எடுத்தான், இரண்டடி தூரத்திலிருந்து அடித்ததை நெஞ்சில் வாங்கினான். ஒவ்வொரு தடவையும் மிச்சம் தன் இருக்கையிலேயே இடது பக்கமோ வலது பக்கமோ சாய்ந்து எழுந்தார். இரண்டு பெண்களும் அவரோடு சேர்ந்து சாய்ந்தார்கள். இவர் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார், சட்டை மட்டும்தான் வேறு என்று அக்கா நினைத்தாள்.

எண்பத்தாறாவது நிமிடம். நடுவில் நின்ற உயரமான பையன், அவர் சொன்னபடியே, இரண்டடி முன்னால் ஓடிவிட்டான். அவன் விட்ட இடைவெளியில் துறைமுகத்துக்காரன் ஒருவன் புகுந்து, வலது மூலையைப் பார்த்து அடித்தான். கோல்கீப்பர் பறந்தான். அதைத் தவிர வேறு சொல் இல்லை. உடம்பு முழுதும் தரைக்கு மேல் படுத்த வாக்கில் போயிற்று. பந்து அவன் கையைத் தாண்டிக் கம்பத்தின் உள்பக்கத்தில் பட்டு வலைக்குள் விழுந்தது.

“ஐயோ” என்றாள் அக்கா. மைதானம் முழுவதும் சொன்ன அதே ஐயோ. ஒன்றுக்கு ஒன்று. இன்னொன்று விட்டால் கோப்பை போய்விடும். மீதி நிமிடங்களை அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஜனத்தின் சத்தம் ஏறி இறங்குவதைக் கேட்டே கடந்தாள். விசில் ஊதியபோதும் திறக்கவில்லை. யாரோ முதுகில் ஓங்கி அறைந்த பிறகுதான் திறந்தாள். ஆட்டம் சமன், கோப்பை தங்களுடையது.

ஜனம் வேலியைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது. பெரிய பெண் அழுதாள், சின்னப் பெண் படியின் மேல் ஏறி நின்று கத்தினாள். அக்காவும் அழுதுகொண்டேதான் இருந்தாள். அந்த அழுகையின் நடுவில், பத்தொன்பது வருடப் பழக்கம், மூளை தானாகக் கூட்டிப் பார்த்தது. ஒரு கோல் போய்விட்டது. அப்படியானால் கோல் விடாத ஆட்டம் ஒன்பதுதான். போனஸ் இல்லை. பத்தாயிரம் சேராது. அவர் பெயர் பட்டியலில் இருந்திருந்தாலும் வரம்பு தாண்டியிருக்காது. அந்தக் கையெழுத்துக்கு அவசியமே இருந்திருக்கவில்லை. அவர் இன்று அங்கே, அந்தப் புல்லின் மேல் இருந்திருக்கலாம்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே மேடை போட்டு மெடல் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் அனுப்பிய பட்டியலை வைத்துக்கொண்டு சம்மேளனத்துக்காரர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். இருபத்தொரு பெயர்.

“தம்பி” என்றாள். “தம்பி, அந்தக் கோல்...”

“தெரியும்க்கா. உள்ள போனப்பவே எண்ணிட்டேன்.”

“வீணாப் போச்சே. நான் உங்களை வீணா...”

அவர் மெடல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை.

“வருத்தம் இல்லைன்னா பொய்க்கா. நிறைய இருக்கு. வீட்டுக்குப் போனதும் இன்னும் வரும்” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “நீங்க அந்த கோலுக்கு என்ன சொன்னீங்க?”

“ஐயோன்னேன்.”

“நானும்தான். என் பேரு உள்ள இருந்து, நான் அங்க நின்னிருந்தா? நீங்க, நான், கோச் சார், நாம மூணு பேரும் அது உள்ள போகணும்னு வேண்டிக்கிட்டு இருந்திருப்போம். அந்தப் பையன் அங்க உயிரைக் குடுத்துப் பாயறான், நாம இங்க அவன் தோக்கட்டும்னு வேண்டறதா? அப்புறம் இந்தக் கோப்பையை எந்த மூஞ்சியோட பாக்கிறது?”

அக்கா அவரைப் பார்த்தாள். பதினான்கு வருடமாகத் தெரிந்த முகம்தான். முதல் தடவை பார்ப்பது போல இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனைவியும் இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“விரல் பட்டுச்சுக்கா, பாத்தீங்களா?” என்றார் அவர். “கம்பத்துல பட்டு உள்ள போச்சுன்னு எல்லாரும் நினைப்பாங்க. இல்லை. அவன் விரல் நுனி பட்டுத்தான் அது கம்பத்துக்கே போச்சு. அந்த தூரத்துக்கு யாராலயும் எட்ட முடியாது. அவன் எட்டிட்டான்.”

எப்படி எட்டினான் என்று காட்டுவதற்காக அவர் எழுந்து நின்று, வலது கையை முன்னால் நீட்டி, தோளையும் சேர்த்துத் தள்ளி, விரல்களை விரித்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எட்டிக் காட்டினார்.